தையல்சிட்டை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைகளைக் கவனிக்கத் தொடங்கியவர்கள் முதலில் திணறுவது தோட்டத்துப் புதர்களில் துள்ளித் திரியும் சின்னஞ்சிறு பச்சைக் குருவிகளிடம்தான். அவற்றுள் தையல்சிட்டைப் பற்றி ஒரே விதமான ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வந்தபடி இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

தையல்சிட்டு என்பது எந்தக் குருவி? பார்த்தவுடன் எப்படித் தெரிந்துகொள்வது?

சிட்டுக்குருவியைவிடச் சிறியது, அலகு முனையிலிருந்து வால் நுனிவரை 10 முதல் 14 செ.மீ. நீளமும் 6 முதல் 10 கிராம் எடையும் கொண்டது. முதுகும் இறக்கையும் ஆலிவ் பச்சை. தொண்டையும் வயிறும் மங்கிய வெண்மை. நெற்றியும் உச்சந்தலையும் துருச் சிவப்பு. அலகு உடலளவோடு ஒப்பிட்டால் நீண்டது, மெல்லியது, கூர்மையானது. மேல் அலகின் முனை சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும். இறக்கைகள் குட்டையாகவும் உருண்டும் இருப்பதால், நெடுந்தொலைவு பறக்காமல் ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குத் தட்டுத்தடுமாறிப் பறப்பதுபோல் தெரியும். இதன் அறிவியல் பெயர் ஆர்த்தோடோமஸ் சூட்டோரியஸ்.

துருச் சிவப்பு நெற்றி, முதுகுக்கு மேலாகச் செங்குத்தாகத் தூக்கிய வால், ஓயாமல் ஒரே சொல்லைச் சொல்வதுபோன்ற உரத்த குரல் ஆகிய மூன்றும் இதன் முதன்மை அடையாளங்கள். இவற்றுள் இரண்டு ஐயமின்றிப் பொருந்தினால் பெயர் சொல்லிவிடலாம். நிறத்தை மட்டும் நம்புகிறவர்களே மிகுதியாகத் தவறு செய்கிறார்கள் என்பது நான் கவனித்த வரையில் உறுதி.

இது எங்கே இருக்கும்? காட்டுக்குப் போனால்தான் பார்க்க முடியுமா?

காடு தேவையில்லை. புதர்ச் செடிகள், வேலி, தோட்டம், காட்டின் ஓரம் என மறைவும் பூச்சியும் உள்ள இடமெல்லாம் இதற்கு ஏற்றவை. தொட்டிச் செடிகள் அடர்ந்திருக்கும் முற்றத்துக்குக்கூட வரும். பாகிஸ்தான், இந்தியா, இலங்கை தொடங்கி மியான்மர், தாய்லாந்து, தென் சீனா, மலேசியா, ஜாவா வரை பரவியுள்ளது. வலசை போகாத பறவையாதலால் ஆண்டின் எந்த மாதத்திலும் காணலாம். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால விருந்தாளிகளைப் பற்றிய கேள்வியில் இது பயன்படும்.

என்ன சாப்பிடும்? தானியம் வைத்தால் வருமா?

வராது. இது பூச்சியுண்ணி. இலையின் அடிப்புறத்திலும் காம்பின் இடுக்கிலும் இருக்கும் புழு, வண்டு, நாவாய்ப்பூச்சி, சிலந்தி, பூச்சி முட்டை ஆகியவற்றைத் தேடிப் பொறுக்கும். பூக்களை நாடி வரும் பூச்சிகளுக்காக மாம்பூங்கொத்துகளையும் சுற்றிவரும். சில மரங்களின் பூக்களில் தேனும் குடிக்கும். தையல்சிட்டு உங்கள் தோட்டத்துக்கு வரவேண்டுமானால் பூச்சிக்கொல்லி தெளிப்பதை நிறுத்தி, அகன்ற இலைச் செடிகளைச் சற்று அடர்த்தியாக வளரவிடுவதே வழி.

தலையில் சிவப்பே தெரியவில்லை, வெறும் பச்சையாக இருந்தது. அப்படியென்றால் வேறு குருவியா?

அவசரப்பட்டு விலக்கிவிட வேண்டாம். துரு நிறம் நெற்றியில்தான் அழுத்தமாக இருக்கும். பின்னந்தலையை நெருங்க நெருங்க மங்கிச் சாம்பல் கலந்துவிடும். குருவி நமக்கு மேலே கிளையில் இருந்தால் நெற்றியே கண்ணில் படாது, வெளிறிய கன்னமும் வயிறும் மட்டுமே தெரியும். அடர்ந்த நிழலில் துருச் சிவப்பு வெறும் பழுப்பாகத் தோன்றும். இவை போதாதென்று, கூட்டைவிட்டு அண்மையில் வெளிவந்த இளங்குருவிக்கு நிறமெல்லாம் மங்கலாக இருக்கும். நெற்றியில் சிவப்புச் சாயல் மிகக் குறைவாகவே இருக்கும்.

இப்படிப்பட்ட நேரங்களில் நிறத்தை விட்டுவிட்டு, அலகின் நீளத்தையும் வால் நிற்கும் கோணத்தையும் பாருங்கள். இளங்குருவியாயின் அருகில் பெற்றோர் கட்டாயம் இருக்கும் என்பதால், சில நிமிடங்கள் அசையாமல் நின்றாலே விடை கிடைத்துவிடும்.

இவ்வளவு சிறிய குருவியா இவ்வளவு சத்தம் போடுகிறது? அதன் குரல் எப்படி இருக்கும்?

இதன்மீது எனக்குள்ள வியப்பு இன்னும் குறையவில்லை. பத்து கிராம் எடைகூட இல்லாத பறவையின் குரல் மூடிய சன்னல் வழியாகவும் வீட்டுக்குள் கேட்கும். "டுவிட், டுவிட், டுவிட்" என்றோ "சீயப், சீயப், சீயப்" என்றோ எழுதிக்காட்டலாம்; எழுத்தைவிட முக்கியமானது அதன் அமைப்பு. ஒரே அசையை ஒரே இடைவெளியில், ஒரே உரப்பில், நீண்ட நேரம் திரும்பத் திரும்பச் சொல்லும். பிறகு திடீரென்று வேறோர் அசைக்கு மாறி அதையும் அப்படியே அடுக்கும். ஏற்ற இறக்கமோ குழைவோ கிடையாது. பூனையையோ பாம்பையோ கண்டால், விரைவான கூர்மையான "டிக் டிக் டிக்" எச்சரிக்கையாக மாறிவிடும்.

தொடக்கநிலையினருக்கு நான் சொல்வது, கண்ணுக்கு முன் காதைப் பழக்குங்கள் என்பதே. இந்தக் குரல் பழகிவிட்டால், இதே புதரில் இருக்கும் மற்றச் சிறு குருவிகளைப் பிரித்தறியும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

கத்தும்போது கழுத்தின் பக்கத்தில் கறுப்புப் பட்டை தெரிகிறது, நிறுத்தியதும் மறைந்துவிடுகிறது. இது என்ன?

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அது கறுப்பு இறகன்று, இறகுகளுக்கு அடியிலுள்ள கருநிறத் தோல். கழுத்தை நீட்டித் தொண்டை புடைக்கக் கத்தும்போது இறகுகள் விலகி அந்தத் தோல் இருபுறமும் கருந்திட்டாகத் தெரிகிறது. வாயை மூடியதும் இறகுகள் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன. ஒளிப்படத்தில் இந்தத் திட்டு மட்டும் பதிந்துவிட்டால் புதிய இனமோ என்று குழம்புகிறவர்கள் பலர். இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும், பச்சை முதுகுக் குருவி ஒன்று கத்தும்போது இந்தத் திட்டு தோன்றினால், அது தையல்சிட்டு என்பதற்கு வலுவான சான்று அது. மற்ற நிலப்பகுதிகளுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆணையும் பெண்ணையும் பிரித்துச் சொல்ல முடியுமா?

நிறத்தில் வேறுபாடு இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆணின் வாலில் நடு இறகுகள் இரண்டும் மற்றவற்றைத் தாண்டி ஊசிபோல் நீண்டுவிடும். முதல் விடையில் சொன்ன நீள அளவு 10இலிருந்து 14 வரை விரிந்திருப்பதற்கு இதுவும் காரணம். மற்றக் காலங்களில் பிரித்துச் சொல்ல முயலாமல் இருப்பதே நல்லது.

பெண் தேன்சிட்டும் இப்படித்தானே இருக்கிறது? எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

அளவு ஒன்றுதான், அலகு வேறு. தேன்சிட்டின் அலகு முழுவதுமே வில்லாக வளைந்து கறுப்பாக இருக்கும். தையல்சிட்டின் அலகு ஏறத்தாழ நேரானது, கீழ் அலகு வெளிறியது. பெண் தேன்சிட்டின் வயிற்றில் மஞ்சள் இருக்கும், தலையில் துரு நிறம் இருக்காது, வாலைத் தூக்கி நிறுத்திக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. தேன்சிட்டு பூவை நோக்கி வரும். தையல்சிட்டு பெரும்பாலும் இலையை நோக்கி வரும்.

சாம்பல் கதிர்க்குருவியும் வாலைத் தூக்குகிறது, அதே புதரில்தான் இருக்கிறது. எதைக் கொண்டு பிரிப்பது?

குழப்பங்களிலெல்லாம் நியாயமான குழப்பம் இதுதான். இரண்டும் சிஸ்டிகோலிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் புதரடியில் இரை தேடுபவை, இரண்டும் வாலைத் தூக்கி ஆட்டுபவை. ஆனால் நல்ல வெளிச்சத்தில் நிறம் முழுவதும் வேறு. சாம்பல் கதிர்க்குருவிக்குத் தலையும் முதுகும் ஈயச் சாம்பல். பச்சை எங்குமே இல்லை. வயிறு வெண்மையாக இல்லாமல் இளஞ்செம்பழுப்பாக இருக்கும். அலகு குட்டையானது, கறுப்பு. கண் செம்மஞ்சளாகப் பளிச்சிடும். வால் படிப்படியாக நீளும் இறகுகளால் ஆனது. ஒவ்வோர் இறகின் நுனியருகிலும் ஒரு கரும்புள்ளியும் அதற்கப்பால் வெளிர் முனையும் உண்டு. தையல்சிட்டின் வாலில் அந்தக் கரும்புள்ளி வரிசை இல்லை.

வெளிச்சம் சரியில்லாதபோது ஒலியை நம்பலாம். சாம்பல் கதிர்க்குருவி கலைந்து பறக்கும்போது "டக் டக்" என்று சொடுக்குப் போடுவதுபோன்ற ஓசை எழும். தையல்சிட்டிடம் அது இல்லை. கதிர்க்குருவியின் அழைப்பு மூக்கால் பேசுவதுபோன்ற "டீ, டீ, டீ". தையல்சிட்டின் உரமும் இடைவிடாத அடுக்கும் அதில் இருக்காது.

சாதா கதிர்க்குருவி?

அது மண் பழுப்பு நிறம்; கண்ணுக்கு மேல் வெளிர் புருவம், நீண்ட வால். புல்வெளியையும் வயலோரத்தையும் விரும்புவது. குரல் பூச்சியின் ரீங்காரத்தைப் போன்றது. பச்சையும் துருவும் இல்லாததால் நிதானமாகப் பார்த்தால் குழப்பம் எழாது.

குளிர்காலத்தில் மட்டும் பச்சைக் குருவிகள் திடீரென்று அதிகமாகிவிடுகின்றன. அவை எல்லாம் தையல்சிட்டுகளா?

இல்லை. இரண்டாம் கேள்வியில் சொன்னதுபோல் தையல்சிட்டு ஆண்டு முழுவதும் உள்ளூரில் இருப்பது, குளிர்காலத்தில் பெருகுவதில்லை. ஏறத்தாழ செப்டம்பரிலிருந்து ஏப்ரல்வரை இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கிச் செல்லும் கதிர்க்குருவிகளே அந்தக் கூட்டம். இவற்றுள் பச்சைக் கதிர்க்குருவியும் பிளித் நாணல் கதிர்க்குருவியும்தான் தோட்டங்களில் மிகுதியாகக் குழப்பத்தை உண்டாக்குபவை.

பச்சைக் கதிர்க்குருவி இமயமலைப் பகுதியிலும் அதற்கு வடக்கேயும் இனப்பெருக்கம் செய்து தெற்கே வருவது. கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர் புருவம், கண் வழியே ஓடும் கருங்கோடு, இறக்கையில் ஒரு மெல்லிய வெளிர்க் கோடு ஆகியவை இதன் அடையாளங்கள். தையல்சிட்டுக்கு இம்மூன்றும் இல்லை. வால் உடலோடு நேர்கோட்டில் இருக்கும், நிமிராது. மர உச்சியின் இலைகளுக்கிடையே நொடிப்பொழுதும் ஓயாமல் இறக்கையைப் படபடத்துக்கொண்டு திரியும். குரல் "டிஸ்-விட்" என்று ஈரசையில் முடிந்துவிடும். தையல்சிட்டைப்போல் அடுக்கிக்கொண்டே போகாது.

பிளித் நாணல் கதிர்க்குருவி இதைவிடத் தொல்லை தருவது. தையல்சிட்டு திரியும் அதே உயரத்தில், அதே புதருக்குள் ஒளிந்திருக்கும். மேற்புறம் ஆலிவ் சாயலுள்ள பழுப்பு, நெற்றி தட்டையாகச் சரிந்திருக்கும், புருவம் குட்டை, துரு நிறம் கிடையாது. கல்லோடு கல் உரசியதுபோன்ற "செக்" என்ற ஒற்றை ஒலியை விட்டுவிட்டுச் சொல்லும். அதுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளைக்கண்ணியையும் மாம்பழச்சிட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்களேன்.

வெள்ளைக்கண்ணிக்குக் கண்ணைச் சுற்றி வெண்வளையம், தொண்டையில் மஞ்சள், கூட்டமாகத் திரியும். மாம்பழச்சிட்டு தையல்சிட்டைவிடப் பருத்தது, உடலில் மஞ்சள் மிகுதி, இறக்கையில் தெளிவான வெண்பட்டைகள் இரண்டு. இந்த இரண்டில் எதுவும் வாலைச் செங்குத்தாக நிறுத்தாது.

உண்மையிலேயே இலையைத் தைக்கிறதா? நூலுக்கு எங்கே போகும்? முடிச்சும் போடுமா?

உண்மையிலேயே தைக்கிறது. அகன்ற, மடங்கினால் கிழியாத இலையாகத் தேர்ந்தெடுத்து, ஒரே இலையின் இரு ஓரங்களையோ அருகருகே உள்ள இரண்டு மூன்று இலைகளையோ சேர்த்துப் பைபோலாக்கும். இலையின் விளிம்பில் அலகால் நுண்ணிய துளைகள் இட்டு, சிலந்தி வலை, பஞ்சு, பூச்சிக்கூட்டின் பட்டிழை, செடி நார் ஆகியவற்றை அந்தத் துளைகள் வழியே இழுத்துவிடும். இந்த வேலை பெரும்பாலும் பெண்ணுடையது. துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை காயாமல் செடியிலேயே பச்சையாக இருக்கும். இலையின் மேற்பரப்பு வெளிப்பக்கமாகவே அமைவதால் கூடு இருப்பதே தெரியாது. உள்ளே பஞ்சும் மெல்லிய நாரும் கொண்டு ஆழமான கிண்ணம் அமைக்கும்.

முடிச்சுப் போடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்டன் முடிச்சு இடுவதாகக் குறித்தார். ஆனால் கூடுகளை ஆராய்ந்தபோது முடிச்சுகள் காணப்படவில்லை. துளைக்கு வெளியே வந்த இழையின் நுனி பிரிந்து பஞ்சாக உப்பிக்கொள்கிறது. தறைந்த ஆணியின் கொண்டையைப்போல் அதுவே இழை பின்னால் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. பழைய நூல்கள் தரும் இன்னொரு செய்தியையும் அப்படியே ஏற்க வேண்டாம். 1769இல் இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்ட் இலங்கைப் பறவையைக் கொண்டு இந்த இனத்தை விவரித்தபோது, உதிர்ந்த இலையை எடுத்துவந்து உயிருள்ள இலையோடு சேர்த்துத் தைப்பதாக எழுதினார். நாம் தோட்டத்தில் காண்பது செடியில் இருக்கும் பச்சை இலைகளாலான கூட்டைத்தான்.

அப்படியானால், இலையைத் தைத்த கூடு கண்டால் அது தையல்சிட்டின் கூடுதான் என்று எழுதிக்கொள்ளலாமா?

கூடாது. சாம்பல் கதிர்க்குருவியும் தாழ்வான செடிகளில் அகன்ற இலைகளைச் சிலந்தி வலையால் தைத்துக் கூடு கட்டும். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம்.

முட்டைகள் தெளிவாகவே வேறுபடும்: கதிர்க்குருவியின் முட்டை பளபளக்கும் செங்கல் சிவப்பு, தையல்சிட்டின் முட்டை வெண்மை அல்லது வெளிர் நீலத்தின்மேல் செம்பழுப்புப் புள்ளிகள் கொண்டது. இதை அறிவுக்காகச் சொல்கிறேனேயன்றி, பார்ப்பதற்கான வழியாகச் சொல்லவில்லை. இலையை விரித்துப் பார்த்தால் தையல் பிரியும், மறைவு போகும். தொலைவில் நின்று கூட்டுக்கு வந்துபோகும் குருவியைப் பாருங்கள். மேலே சொன்ன அடையாளங்கள் போதும்.

எந்த மாதங்களில் கூடு கட்டும்? எத்தனை நாளில் குஞ்சுகள் வெளியே வரும்?

இந்தியாவில் பரவலாக மார்ச் முதல் டிசம்பர் வரை கூடு காணலாம்; மழையையொட்டி ஜூன் முதல் ஆகஸ்டு வரை மிகுதி. இலங்கையில் மார்ச்–மே, ஆகஸ்டு–செப்டம்பர் என இரு பருவங்கள் முதன்மையானவை. பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். அடைகாலம் ஏறத்தாழ 12 நாள்; குஞ்சு பொரித்து ஏறத்தாழ 14 நாளில் கூட்டைவிட்டு வெளியேறும். இடையில் எலி, பூனை, ஓணான், செம்போத்து ஆகியவற்றுக்கு இரையாகும் கூடுகள் மிகப் பல. தாய் தந்தை இரண்டும் இரை ஊட்டும்.

கூட்டை நெருங்கிப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். மறைக்கும் இலையை ஒதுக்கினால் வெயிலும் காகமும் உள்ளே புகும். நீங்கள் நிற்பதால் இரையோடு வந்த பெற்றோர் திரும்பிப் போய்விடும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டை என்பதன் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. நல்ல படம் வேண்டுமானால், காலையில் கிளை நுனியில் நின்று கத்தும் ஆண் குருவி தானாகவே அதைத் தரும்.

ஒரு தையல்சிட்டு தன்னைப்போல் இரண்டு மடங்கு பெரிய குஞ்சுக்கு இரை ஊட்டியது. குஞ்சு எப்படித் தாயைவிடப் பெரிதாக இருக்கும்?

அது தையல்சிட்டின் குஞ்சு அன்று. சாம்பல் வயிற்றுக் குயில் போன்ற சிறு குயிலினங்கள் தையல்சிட்டின் கூட்டிலும் கதிர்க்குருவிகளின் கூட்டிலும் முட்டையிடும். குயில் குஞ்சு கூட்டைவிட்டு வந்த பின்னும் வளர்ப்புப் பெற்றோர் ஊட்டிக்கொண்டே இருக்கும். குஞ்சின் உருவத்தைப் பார்த்து ஊட்டும் குருவிக்குப் பெயரிட வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். குஞ்சை எடுத்து அப்புறப்படுத்தலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது, அதுவும் இந்த மண்ணின் பறவைதான்.

தலை முழுவதும் பொன்மஞ்சளாக இருந்த தையல்சிட்டைப் பார்த்தேன். எந்த நூலிலும் அப்படி ஒரு குருவி இல்லையே?

தேனுக்காகவும் பூச்சிக்காகவும் இலவம் போன்ற பூக்களுக்குள் தலையை நுழைக்கும்போது மகரந்தம் நெற்றியிலும் முகத்திலும் அப்பிக்கொள்ளும். துரு நிறம் மறைந்து பொன்தலைக் குருவியாகத் தோன்றும். அருகில் எந்த மரம் பூத்திருக்கிறது என்று பாருங்கள். மஞ்சள் திட்டுத்திட்டாக, அலகின் அடிவரை படிந்திருந்தால் அது மகரந்தமேதான்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்த அடையாளங்களே போதுமா?

போதா. முன்னால் சொன்ன எச்சரிக்கை இதுதான். அங்கே தையல்சிட்டு இனங்கள் பல உண்டு. கருங்கழுத்துத் தையல்சிட்டின் ஆணுக்குத் தொண்டையின் கருமை கத்தாதபோதும் நிலையாகத் தெரியும். வாலின் அடிப்பகுதியில் மஞ்சள் இருக்கும். நம் தையல்சிட்டுக்கு அந்த இடம் வெளிறியது. இந்தியாவின் வடகிழக்கிலும் வங்கதேசத்திலும் கருங்கழுத்தன் இருப்பதால், அங்குள்ளவர்களும் வாலின் அடியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சாம்பல் தையல்சிட்டு உடல் சாம்பல் நிறமானது; துரு நிறம் உச்சந்தலையோடு நில்லாமல் முகம் முழுவதும் பரவியிருக்கும். தலையில் துரு, தூக்கிய வால் என்ற அளவோடு நின்றுவிட்டால் அங்கே பெயர் தவறிவிடும்; தொண்டை, முகம், வாலின் அடி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குருவியைப் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. பட்டியலில் சேர்க்கலாமா?

ஒரே அசையை அடுக்கும் அந்த நீண்ட அழைப்பைத் தெளிவாகக் கேட்டிருந்தால், இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் சேர்க்கலாம். கேட்டது ஒற்றை "டிக்" மட்டுமானால் சேர்க்க வேண்டாம். அது கதிர்க்குருவிகளில் எதுவாகவும் இருக்கலாம். கைப்பேசிச் செயலி ஒரு பெயரைக் காட்டினால் அதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு, குருவி வெளியே வரும்வரை காத்திருங்கள். வராவிட்டால் "பெயர் தெரியாத கதிர்க்குருவி" என்று எழுதி, கேட்ட ஒலியையும் நேரத்தையும் செடியின் உயரத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.